அரிசி டிரம்மில் ஒரு மரச் சுருள்

கல்யாணமான புதிதில், இன்றைக்கு என்ன வேலை என்று என் வீட்டுக்காரரை நான் கேட்டதே இல்லை. கேட்கத் தேவை இருக்காது. வாசலில் செருப்பைக் கழற்றும்போதே கையைப் பார்த்தால் போதும். முழங்கை வரைக்கும் அரக்கு என்றால் யார் வீட்டுக்கோ முகூர்த்தப் புடவைக்கு நூல் போட்டிருக்கிறார்கள். மாம்பழ மஞ்சள் என்றால் நாளைக்கும் அதே வேலைதான், மஞ்சள் அவ்வளவு சீக்கிரம் சொன்ன பேச்சு கேட்காது. நகக்கண்ணில் மட்டும் பச்சை ஒட்டிக்கொண்டிருந்தால் கூட வேலை செய்கிறவர் யாரோ வரவில்லை, இவரே நூலை அலசியும் போட்டிருக்கிறார். எங்கள் அப்பாவின் பட்டறையில் பட்டு நூலுக்குச் சாயம் போட வந்தவர் அவர். வந்தவரையே பிடித்து எனக்குக் கட்டி வைத்துவிட்டார்கள்.

"கையைக் கழுவிக்கினு சாப்பிட வாங்க" என்றால், "கழுவினாலும் இதே கைதாம்மா" என்பார். நீலக் கையால் வெள்ளைச் சோற்றைப் பிசைவார். எனக்கு அதைப் பார்த்துக்கொண்டே இருக்கத் தோன்றும். யாரிடமும் சொன்னதில்லை, சொன்னால் சிரிப்பார்கள்.

மகள் பிறந்து நடக்கத் தொடங்கிய பிறகு அவர் வளைகுடாவுக்கு டிரைவராகப் போனார். ஏன் போனார் என்பதற்கு எங்கள் தெருவில் ஆளுக்கு ஒரு காரணம் வைத்திருந்தார்கள். எதிர்வீட்டு அம்மா சொன்னதுதான் எனக்குச் சரியென்று பட்டது. "அல்லாரும் போறாங்கோ, இவுரும் போறாரு. இதுல இன்னா காரணம் வேண்டியிருக்குது?" என்றாள். முதல் தடவை லீவில் வந்தபோது மீனம்பாக்கம் ஏர்போர்ட்டுக்குக் கூப்பிடப் போனோம். தள்ளுவண்டியில் பெட்டிகளை அடுக்கிக்கொண்டு வெளியே வந்தார். மகள் பொம்மையைத் தேடினாள். நான் கையைத்தான் பார்த்தேன். வெளுத்துப்போய் இருந்தது. யாரோ ஒருத்தருடைய கையைக் கடன் வாங்கி மாட்டிக்கொண்டு வந்தவர் மாதிரி இருந்தார்.

அவர் அங்கே இருந்த காலத்தில்தான் என் தம்பி இந்தத் தண்ணீர் அச்சு வேலையைத் தொடங்கினான். ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் காருக்கு பிளாஸ்டிக் சாமான் செய்கிற இடத்தில் சில வருஷம் வேலை பார்த்தவன் அவன். அங்கே கண்ணால் பார்த்ததை மூளையில் ஏற்றிக்கொண்டு வந்து, "அப்பா, பட்டறையில பாதி எனக்குக் குடுப்பா" என்று கேட்டான். அப்பா கொடுத்துவிட்டார். ஒரு பாதியில் பட்டு நூல், மறு பாதியில் கார் சாமான். இரண்டு பக்கமும் வெந்நீர் வேண்டும், இரண்டு பக்கமும் ஏதோ ஒன்றைத் தண்ணீரில் முக்கி எடுக்க வேண்டும். எங்கள் வீட்டுக்கு அது பெரிய மாற்றமாகவே படவில்லை.

வேலை இதுதான். மரம் மாதிரி, கல் மாதிரி, புலித்தோல் மாதிரி என்று விதவிதமாக அச்சடித்த பிலிம் சுருள் சுருளாக வரும். கண்ணாடித் தாள் போல மெல்லியது, தண்ணீரில் கரையக்கூடியது. பெரிய எவர்சில்வர் தொட்டியில் வெதுவெதுப்பான தண்ணீர் நிரப்பி, அதன்மேல் பிலிமைக் காற்றுக் குமிழ் இல்லாமல் பரப்ப வேண்டும். கொஞ்ச நேரத்தில் அது ஊறிச் சுருக்கம் விடும். அப்போது ஒரு மருந்தை ஸ்ப்ரே அடித்தால் தாள் போய்விடும், சாயம் மட்டும் தண்ணீர்மேல் கண்ணாடி போல மினுமினுத்துக்கொண்டு நிற்கும். அந்த நேரத்தில் சாமானை ஒரு பக்கமாகச் சாய்த்து மெதுவாக உள்ளே அழுத்தினால், சாயம் அதன் மேடு பள்ளம் எல்லாவற்றையும் சுற்றி ஒட்டிக்கொள்ளும். எடுத்து, வழவழப்புப் போகக் கழுவி, காயவைத்து, மேலே வார்னிஷ் அடித்துவிட்டால் பிளாஸ்டிக் என்று சத்தியம் செய்தாலும் யாரும் நம்ப மாட்டார்கள்.

பிலிம் விரிக்கிற வேலை எனக்கு. என் கை மெல்லிய கை என்று தம்பி சொல்வான். வேலை செய்ய ஆள் கிடைக்காததால் சொன்னானோ என்னவோ. தொட்டித் தண்ணீருக்கு எங்கள் தெரு போர் தண்ணீர் ஆகாது. உப்பு. ஓரிக்கைப் பக்கம் பம்புசெட்டிலிருந்து பீப்பாயில் கொண்டுவருவோம். சாயத்துக்கும் அதே தண்ணீர்தான்.

வேடிக்கை பார்க்க வருகிறவர்கள் பேசுவதைக் கேட்பதற்கே நான் அங்கே போவேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். பக்கத்துத் தறி வீட்டு அம்மா, "இன்னாபா இது, பிளாஸ்டிக்குக்குப் பட்டுப் புடவை கட்டி வுடறீங்களா?" என்று கேட்டாள். ஓர் ஆட்டோக்காரர் ஹெட்லைட்டுக்கு மேலே வரும் மூடிக்குப் புலித்தோல் கேட்டார். வேலை முடிந்து கையில் வாங்கிப் பார்த்து, "இனிமே ஆரன் வேணாம், வண்டியே உறுமும்" என்றார். சின்னக் காஞ்சிபுரத்திலிருந்து நெற்றி நிறைய நாமத்தோடு ஒருவர் வந்து, காரின் கியர் பக்கத்து மூடியை நீட்டி, "சந்தன மரமாட்டம் வருமோ?" என்று கேட்டார். "நெறம் வரும் சாமி, வாசனை வராது" என்றான் தம்பி. "வாசனைய நான் பார்த்துக்கறேன், நீ நெறத்தைப் பாரு" என்றார் அவர். இதையெல்லாம் சேர்த்து வைத்துக்கொண்டு வெள்ளிக்கிழமை போனில் என் வீட்டுக்காரருக்குச் சொல்வேன். வெள்ளிக்கிழமைதான் அவருக்கு விடுமுறை. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு போன் அடிக்கும். அந்தப் பக்கம் அவர் சிரிக்கிற சத்தம், கொஞ்சம் தாமதமாக, கடலைத் தாண்டி வந்து சேரும்.

இரண்டாவது லீவில் வந்தபோது அவர் ஒரு பழைய டீசல் கார் வாங்கினார். வெள்ளை நிறம், அந்தக் காலத்தில் டாக்சி ஓட்டுகிறவர்கள் எல்லாரும் வைத்திருந்த ரகம். "சும்மா நிறுத்தி வைக்கவா வாங்கினீங்க?" என்று கேட்டேன். டயரைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். மறுநாள் என் தம்பி அவரைப் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் டிராவல்ஸ் வைத்திருக்கும் ஒருவரிடம் அழைத்துப்போனான். சென்னையிலிருந்து புடவை வாங்க வருகிற கல்யாண வீட்டுக்காரர்களையும், கோயில் பார்க்க வருகிற வெளிநாட்டுக்காரர்களையும் ஏற்றி இறக்குகிற டிராவல்ஸ் அது. அந்த டிராவல்ஸ்காரர் காரைச் சுற்றி வந்து, கதவைத் திறந்து உள்ளே தலையை விட்டுப் பார்த்தாராம்.

"வெளிய ஒரு கொறையும் இல்லபா. உள்ளதான் வெயில்ல காஞ்ச வடாம் மாதிரி வெளுத்துக்கினு இருக்குது. வர்றவங்க உள்ள உக்காந்துக்கினு அதையேதான பார்ப்பாங்கோ? அப்படியே தேக்கு மரம் மாதிரி பண்ணி எடுத்துக்கினு வா. கருட சேவைக்கு முன்னாடி வந்துடுச்சின்னா வண்டியையும் சேர்த்துக்கறேன், உன்னையும் சேர்த்துக்கறேன். லேட்டாச்சின்னா இன்னொருத்தன் கேட்டுக்கினு இருக்கறான்."

இதைத் தம்பி அப்படியே அவர் குரலில் நடித்துக் காட்டினான். நான் அடுப்படியில் கேட்டுக்கொண்டு நின்றேன். சாப்பிட உட்கார்ந்தபோது என் வீட்டுக்காரரே பேச்சை எடுத்தார்.

"வண்டி ஓடிச்சின்னு வையி, நான் இன்னாத்துக்கு அங்க போயி மணல்ல ஓட்டிக்கினு இருக்கப்போறேன்?"

"நெசமாவா சொல்றீங்க?"

"டிக்கெட்டைக் கிழிச்சிப் போட்டுட்டு இங்கியே இருந்துடறேன்மா. நீ பார்த்துக்கினே இரு."

நானும் பார்த்துக்கொண்டே இருந்தேன். அன்றைக்கு வைத்த குழம்பில் உப்பு இல்லை. இரண்டு பேரும் கவனிக்கவே இல்லை, மகள்தான் சொன்னாள்.

அடுத்த சில நாட்கள் எங்கள் வீட்டில் திருவிழா மாதிரி இருந்தது என்றால் மிகையில்லை. காரின் உள்பக்கத்துச் சாமான்களையெல்லாம் கழற்றி, தேய்த்து, இளம் பழுப்புப் பெயிண்டு அடித்து வரிசையாக வைத்தோம். கதவுப் பிடி, கண்ணாடி ஏற்றி இறக்குகிற பட்டன் பலகை, ஏ.சி. காற்று வருகிற ஜன்னல் என்று ஒவ்வொன்றாகத் தம்பி முக்கி எடுத்தான். நான் பிலிம் விரித்தேன். இவர் கழுவிக் காயவைத்தார். சாயப்பட்டறைப் பக்கம் நூல் காயப்போடுகிற மூங்கில் கழிகளில், ஒரு கழியில் மயில்கழுத்து நிறத்தில் பட்டு நூல், அடுத்த கழியில் தேக்கு மரப் பிளாஸ்டிக். மூன்று பேரும் சேர்ந்து வேலை செய்தது அதற்கு முன்னாலும் இல்லை, அதற்குப் பிறகும் இல்லை. தேநீர் வரும்போது ஒரே டம்ளரில் நானும் அவரும் குடித்தோம். தம்பி பார்க்காத மாதிரி இருந்தான்.

கடைசியில் மிஞ்சியது டேஷ்போர்டின் நீளப் பலகை. டிரைவருக்கு எதிரே தொடங்கிப் பக்கத்து சீட்டு வரைக்கும் போகிற பெரிய சாமான். மரப் பிலிமும் அதற்குச் சரியாக ஒரு துண்டுதான் மிஞ்சியிருந்தது. சென்னையில் புதுப்பேட்டைக் கடைக்காரரிடம் அந்த டிசைன் வேறு இல்லை. "கப்பல்ல வந்துக்கினு இருக்குது" என்றார். எப்போது வரும் என்று கேட்டதற்கு, "கப்பலைக் கேட்டாத்தான் தெரியும்" என்றார்.

அன்றைக்குக் காலையில் இவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தொட்டி ஓரம் வந்து நின்றார்.

"இதை நான்தான் வுடுவேன். என் வண்டி."

"மாமா, சாயம் மாதிரி கெடையாது. ஒரே தடவைதான். உள்ள போயிடுச்சின்னா அப்படியே நில்லுங்க. மேல மெதக்கற மிச்சத்தை நான் கையால ஒதுக்கி வுட்ட பெறகுதான் எடுக்கணும்."

"தெரியும்டா மச்சான். நீ மூக்கு ஒழுவிக்கினு திரிஞ்ச காலத்துல இருந்து நான் தண்ணியில கையை வுட்டுக்கினு இருக்கறேன்."

"அதனாலதான் மாமா சொல்றேன்."

நான் பிலிமை விரித்தேன். இத்தனை நாள் விரித்ததிலேயே அன்றைக்குத்தான் ஒரு குமிழ்கூட இல்லாமல் படிந்தது. தம்பி மருந்தை அடித்தான். தொட்டி முழுக்கத் தேக்கு மரம் மிதந்தது. இவர் பலகையை இரண்டு கையாலும் பிடித்து, ஒரு முனையைச் சாய்த்து, மெதுவாக, மிக மெதுவாக உள்ளே விட்டார். மரம் ஏறிக்கொண்டே வந்தது. அவர் முகத்தைப் பார்த்தேன். கல்யாணத்துக்கு முன்னால், அப்பாவுக்குச் சாப்பாடு கொண்டுபோகிற சாக்கில் பட்டறையில் போய் நிற்பேனே, அப்போது பார்த்த அதே முகம். உதட்டைக் கொஞ்சம் கடித்துக்கொண்டு, உலகத்தில் வேறு எதுவும் இல்லாத மாதிரி.

முக்கால்வாசி உள்ளே போய்விட்டது. கடைசி மூலையில், பக்கத்து சீட்டுக்கு எதிரே சாமான் வைக்கிற பெட்டிக்கு மேலே ஒரு வளைவு உண்டு. அங்கே காற்று அடைத்துக்கொண்டது. புளியங்கொட்டை அளவுக்கு ஓர் இடத்தில் மரம் ஒட்டவில்லை, பழுப்புப் பெயிண்டு தெரிந்தது. அதை நானும் பார்த்தேன், தம்பியும் பார்த்தான். பிறகு சின்ன தூரிகையால் சரி செய்துவிடக்கூடிய இடம்தான். ஆனால் அவர் கை அதைப் பார்த்துவிட்டது. பலகையை மேலே தூக்கி, லேசாகத் திருப்பி, மறுபடியும் உள்ளே விட்டார்.

"அய்யோ மாமா!" என்று தம்பி கத்தினான்.

பட்டு நூலுக்குச் சாயம் போடுகிறவர்கள் வீட்டில் பிறந்தவர்களுக்குத்தான் இது புரியும். சாயத்தில் முதல் முக்கலில் எந்த நூலும் நிறம் பிடிக்காது. நூல் சிட்டத்தைக் கழியில் கோத்து உள்ளே விடுவார்கள், புரட்டுவார்கள், தூக்குவார்கள், எங்கே வெளுப்புத் தெரிகிறதோ அந்தப் பக்கத்தை மறுபடி உள்ளே விடுவார்கள். வெளுப்புத் தெரிந்தால் மறுபடி விட வேண்டும் என்பது அவர்களுக்கு யோசித்துச் செய்கிற காரியம் இல்லை. தும்மல் மாதிரி. வேறு ஊர்க்காரன் யாராவது அந்தப் பலகையைப் பிடித்திருந்தால் அப்படியே நின்றிருப்பான்.

பலகையை வெளியே எடுத்தபோது ஒரு மரத்தின்மேல் இன்னொரு மரம் ஏறியிருந்தது. ரேகைகள் குறுக்கும் நெடுக்குமாகச் சுருங்கி, நடுவில் முடிச்சு முடிச்சாக, வழவழவென்று ஒழுகிக்கொண்டிருந்தது. சாயப்பட்டறைப் பக்கம் அடுப்பில் விறகு வெடித்தது. இவர் பலகையைக் கீழே வைக்காமல், தண்ணீர் சொட்டச் சொட்ட, கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டே நின்றார்.

தம்பிதான் முதலில் வாயைத் திறந்தான். "பரவால்ல மாமா. கருப்புல கட்டம் போட்ட டிசைன் இருக்குது. அதைப் போட்டுடலாம்."

"பாதி மரம், பாதி கட்டமா? தாயம் ஆட வர்றாங்களா?" என்றார் இவர். சிரிக்க முயற்சி செய்தார்.

இருந்தாலும் காய்ந்த பிறகு அதையே மாட்டிக்கொண்டு டிராவல்ஸ்காரரிடம் போனார்கள். அவர் உட்கார்ந்து பார்த்துவிட்டு, "நல்ல மனுசன்பா நீ. ஆனா இதைப் பார்த்துக்கினே திருப்பதி வரைக்கும் வந்தா வாந்தி வந்துடும்" என்றாராம். வேறு ஒருவரின் வண்டியைச் சேர்த்துக்கொண்டார். அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. உண்மையைத்தான் சொன்னார், சிரித்த முகத்தோடு சொன்னார்.

கருட சேவை அன்றைக்கு விடியும்போதே போய்விட்டோம். கோபுர வாசலில் நிற்க இடம் இல்லை. மகளைத் தோள்மேல் தூக்கி வைத்துக்கொண்டு நின்றார். குடை அசைந்து வந்தது, கூட்டம் முழுக்கக் கையைத் தூக்கியது. மகளின் காலைப் பிடித்திருந்த அவர் மணிக்கட்டில் அந்த மரப் பழுப்பு இன்னும் இருந்தது. பிலிம் சாயம் தோலில் பட்டால் லேசில் போகாது. இத்தனை வருஷத்துக்குப் பிறகு அவர் கையில் ஒரு நிறம். எல்லாரும் பெருமாளைப் பார்த்தார்கள். நான் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டேன். பிடித்த பிடியில் பெருமாளைக் கேட்டதெல்லாம் இந்த நிறம் போகக் கூடாது என்பதுதான்.

பெட்டி கட்டும்போது கேட்டேன். கேட்கக் கூடாது என்று இரண்டு நாள் வாயைக் கட்டிக்கொண்டிருந்தேன், முடியவில்லை.

"வேணும்னே பண்ணீங்களா?"

மடித்துக்கொண்டிருந்த சட்டையைக் கீழே வைத்தார். கோபப்படுவார் என்று நினைத்தேன். தன் கையையே திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"கை பண்ணிடுச்சிமா. நான் பண்ணல. அதுக்கு அது ஒண்ணுதான் தெரியும்."

நான் நம்பினேன். இன்றைக்கும் நம்புகிறேன். ஆனால் நம்புகிறதும் ஏங்குகிறதும் வேறு வேறு அறையில் இருக்கின்றன.

வாசலில் வண்டி ஏறும்போது, "பிலிம் வந்தா சொல்லு. அடுத்த லீவுல வந்து நானே போடறேன். போட்டுட்டா அப்புறம் போவ மாட்டேன்" என்றார். இரண்டு மரம் ஏறிய பலகையைத் தம்பி காரிலிருந்து கழற்றி, பட்டறையில் நூல் காயப்போடுகிற கழியில் கம்பி கட்டித் தொங்கவிட்டான். காருக்குத் தார்ப்பாய் போட்டு மூடினோம். பேட்டரி செத்துவிடக் கூடாது என்று தம்பி அவ்வப்போது அதை எடுத்து ஓரிக்கை வரைக்கும் ஓட்டிவிட்டு வருவான். சில தடவை நானும் முன் சீட்டில் உட்கார்ந்து போயிருக்கிறேன். பலகை இல்லாத இடத்தில் ஒயர்கள் தெரியும். கதவுப் பிடியெல்லாம் தேக்கு மரமாக மினுங்கும். எதிரே பாலாற்று மணல் வரும், வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிடுவோம்.

வெள்ளிக்கிழமை போன் வரும். எல்லாம் பேசி முடித்த பிறகு, வைப்பதற்கு முன்னால் கேட்பார்.

"பிலிம் வந்துதாம்மா?"

"இன்னும் வரலிங்க."

"வரட்டும், வரட்டும்."

ஐப்பசி மழைக்கு முன்னால் பிலிம் வந்துவிட்டது. கப்பலுக்கே ஒரு வழியாக எங்கள் ஞாபகம் வந்திருக்கிறது. தம்பி சுருளைக் கொண்டுவந்து காட்டிய அன்றைக்கு வெள்ளிக்கிழமை. போன் வந்ததும் அவனே வாங்கிப் பேசினான். "மாமா, பிலிம் வந்துடுச்சி. நானே போட்டு மாட்டிடவா? நல்ல டிரைவர் ஒருத்தன் இருக்கறான், வண்டியை ஓட்ட வுட்டுடலாம்." அந்தப் பக்கம் என்ன சொன்னார் என்று கேட்கவில்லை. "சரி மாமா, உங்க இஷ்டம்" என்று சொல்லிவிட்டு என்னிடம் போனைக் கொடுத்தான். நான் வாங்குவதற்குள் லைன் அறுந்துவிட்டது.

"இன்னாடா சொன்னாரு?"

"யாரும் தொட வேணாமாம். அவரே வந்து போட்டுக்கறாராம். உன்கிட்ட குடுத்து வைக்கச் சொன்னாரு. இந்தா. காத்துப் பட்டா நமுத்துப்பூடும்க்கா, அப்பளம் மாதிரி. ஈரம் படாத எடமா பார்த்து வை."

எங்கள் வீட்டில் ஈரம் படாத இடம் அரிசி டிரம்தான். பிளாஸ்டிக் பையில் சுற்றி, ரப்பர் பேண்டு போட்டு, அரிசிக்குள் நட்டமாகச் செருகினேன். காலையில் அரிசி அளக்க ஆழாக்கை விடும்போதெல்லாம் கை அதன்மேல் இடிக்கும். அரிசிக்குள்ளே ஒரு மரம் நட்டு வைத்த மாதிரி.

அடுத்த வெள்ளிக்கிழமை, எல்லாம் பேசி முடித்துவிட்டு, வைப்பதற்கு முன்னால் அவர் கேட்டார்.

"பிலிம் வந்துதாம்மா?"

தம்பிதான் போன வாரமே சொல்லிவிட்டானே. மறந்துவிட்டாரா? அந்தப் பக்கம் அவர் மூச்சு விடுகிற சத்தம் கேட்டது. மறக்கவில்லை என்று அந்த மூச்சிலேயே தெரிந்தது.

"இன்னும் வரலிங்க" என்றேன்.

"வரட்டும், வரட்டும்" என்றார். குரல் கொஞ்சம் தழைந்திருந்தது.

அன்றைக்கு முதல் அதுதான் எங்கள் பேச்சு. எங்களுக்கெல்லாம் 'உன்னை நினைச்சுக்கினு இருக்கறேன்' என்று வாயைத் திறந்து சொல்ல வராது. சொன்னால் பக்கத்தில் நிற்கிறவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். ஒரே அறையில் ஏழெட்டுப் பேரோடு இருக்கிறவர் அவர். என் பக்கம் மகள், தம்பி, போன் வந்ததைக் கேட்டு எட்டிப் பார்க்கிற எதிர்வீட்டு அம்மா. "இன்னாடி, அந்தப் பிலிமு இன்னுமா வரல? சினிமாக்காரங்கோ மாதிரி மாசக்கணக்கா கேட்டுக்கினு கெடக்கறாரு" என்பாள் அவள். நான் சிரித்துக்கொண்டே உள்ளே போய் அரிசி டிரம்மைத் திறந்து, வேண்டாத நேரத்தில் ஒரு பிடி அரிசி எடுத்துக் களைவேன்.

அடுத்த லீவில் வந்தார். அவர் வருவதற்கு ஒரு வாரம் முன்பிருந்தே எனக்குள் ஒரே குழப்பம். சுருளை எடுத்து வெளியே வைக்கலாம் என்று டிரம் வரைக்கும் போவேன், மூடியை மூடிவிட்டு வந்துவிடுவேன். பலகையைத் தேய்த்துப் புதிதாகப் போட்டு, இந்தத் தடவை கை சொன்ன பேச்சு கேட்டு, ஒரு மறு இல்லாமல் தேக்கு மரம் வந்து, காரில் மாட்டியும் முடித்து, அதற்குப் பிறகும் அவர் பெட்டி கட்டினால்? அப்போது எதைச் சொல்லி என்னைச் சமாதானப்படுத்திக்கொள்வேன்? பிலிம் வராத வரைக்கும் அவர் பிலிமுக்காகத்தான் அங்கே இருக்கிறார். வந்துவிட்டால் வேறு எதற்காகவோ இருக்கிறார் என்று ஆகிவிடும்.

அதனால் நான் பேச்சை எடுக்கவில்லை. அவரும் எடுக்கவில்லை. தார்ப்பாயை விலக்கிக் காரைத் துடைத்தார். பட்டறையில் தொங்குகிற பலகையைப் பார்த்தார், ரேகைமேல் விரலை வைத்து ஓட்டினார், வந்துவிட்டார். தம்பிதான் பொறுக்க மாட்டாமல், "மாமா, எப்பதான் போடப்போறீங்க?" என்று கேட்டான். "போடலாம் மச்சான், போடலாம். வந்து எறங்கினதும் வேலையா?" என்றார். தம்பி என்னைப் பார்த்தான். நான் தொட்டித் தண்ணீரைப் பார்த்தேன்.

ஒரு நாள் காலையில் எனக்குக் காய்ச்சல். எழுந்திருக்க முடியவில்லை. "நீ படு, நான் கஞ்சி வைக்கறேன்" என்று அவரே அடுப்படிக்குப் போனார். படுத்த இடத்திலிருந்து டிரம் மூடி திறக்கிற சத்தம் கேட்டது. பிறகு ஒரு சத்தமும் இல்லை. அரிசி எடுக்க இவ்வளவு நேரம் ஆகாது. கொஞ்சம் கழித்து மூடி மூடுகிற சத்தம் வந்தது. வெளியே போனார். திரும்பி வந்தபோது கையில் ஒரு கொத்து வேப்பிலை.

"அரிசியில பூச்சி வரப்போவுது. வேப்பிலை போட்டு வைக்கக் கூடாதா?" என்று என்னைப் பார்க்காமலே சொல்லிவிட்டு உள்ளே போனார்.

கஞ்சி வந்தது. உப்பு சரியாக இருந்தது. சாயந்திரம் காய்ச்சல் விட்ட பிறகு போய் டிரம்மைத் திறந்தேன். மேலே நாலைந்து இலை தூவியிருந்தார். மீதி இலையெல்லாம் அரிசிக்குள்ளே, சுருளைச் சுற்றி, பிரித்த பையை மறுபடி அழகாக மடித்து, ரப்பர் பேண்டை இரண்டு சுற்றாகப் போட்டு, அதைச் சுற்றி வரிசையாகச் செருகியிருந்தார். பட்டுப் புடவையைப் பெட்டியில் வைக்கிறவர்கள் வைக்கிற மாதிரி. அதில் கை வைக்க எனக்கு மனசு வரவில்லை. மூடிவிட்டேன்.

லீவு முடிந்து போனார். போய்ச் சேர்ந்ததும் வந்த முதல் வெள்ளிக்கிழமை, எல்லாம் பேசி முடித்துவிட்டுக் கேட்டார்.

"பிலிம் வந்துதாம்மா?"

"இன்னும் வரலிங்க" என்றேன். நான் போனை வைக்கவில்லை. அவரும் வைக்கவில்லை. அவருடைய போன் கார்டில் காசு தீருகிற வரைக்கும் இரண்டு பேரும் போனைப் பிடித்துக்கொண்டே இருந்தோம்.

அப்படியே வருஷங்கள் போயின. விசா முடிந்து, முதுகுவலியோடு, தலை நரைத்து, அவர் ஒரேயடியாக வந்தபோது அந்தக் காரை விலைக்குக் கேட்க ஆள் இல்லை, பழைய இரும்புக்குப் போனது. தம்பியின் கடை பெரிதாகி வேறு இடத்துக்குப் போய்விட்டது. பலகை மட்டும் இன்னும் கழியில் தொங்குகிறது. பக்கத்தில் பட்டு நூல் காய்கிறது. அந்தக் காய்ச்சல் நாளுக்குப் பிறகு சுருளை நாங்கள் பிரித்துப் பார்க்கவில்லை. அரிசி டிரம் மாறிவிட்டது, சுருள் புது டிரம்முக்கும் வந்தது. வேப்பிலையை அவர்தான் மாற்றுகிறார். எதற்கு என்று அவரும் சொல்வதில்லை, நானும் கேட்பதில்லை.

இப்போது அவர் நாள் முழுக்க வீட்டில் இருக்கிறார். டி.வி. ரிமோட் எங்கே என்று கேட்கிறார், மாத்திரை எங்கே என்று கேட்கிறார். பக்கத்திலேயே இருக்கிறவரைப் பார்த்து ஏங்குகிறேன் என்று சொன்னால் எதிர்வீட்டு அம்மா என்ன சொல்வாளோ. வெள்ளிக்கிழமை மத்தியானம் சாப்பாடு முடிந்ததும் அவர் கூடத்தில் பாய் விரித்துப் படுத்துவிடுவார். நான் பாத்திரம் கழுவிவிட்டு, முந்தானையில் கையை நன்றாகத் துடைத்துக்கொண்டு, போன் இருந்த மூலைக்குப் போய்க் கொஞ்ச நேரம் நிற்கிறேன். ஈரக் கையோடு போனை எடுக்கக் கூடாது என்று அப்போதெல்லாம் அவர் சொல்வார்.

போன வெள்ளிக்கிழமை அங்கே நின்றுகொண்டிருந்தபோது அவர் கண்ணைத் திறக்காமலே கேட்டார்.

"வந்துதாம்மா?"

"இன்னும் வரலிங்க" என்றேன்.